இரவல் வலி

மார்ச் 11, செவ்வாய்.
இன்று வகுப்பில் ஒரு தவறு செய்தேன். டீச்சர் பேசும் முறை வந்தபோது, அவர் கண் கலங்கியதுமே, அவர் கை நீட்டுவதற்குள் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அப்படித் தள்ளினால் ‘அழுதது போதும்’ என்று சொல்வதாக ஆகிவிடும் என்று மேடம் போன மாதமே சொல்லியிருக்கிறார். பெட்டி எட்டுகிற தூரத்தில் இருந்தால் போதும். எடுப்பதும் எடுக்காததும் அழுகிறவர் இஷ்டம். இனிமேல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழக வேண்டும்.

மேடம் வாங்கிப் படிக்கிற பயிற்சிக் குறிப்பேட்டில் இத்தனையும் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடும் போட்டு முடித்தாள் சின்னவள். எழுதியதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. அன்று மாலை அவள் செய்த காரியத்தோடு வைத்துப் பார்த்தால் டிஷ்யூ பெட்டியெல்லாம் ஒரு தவறா? வீட்டுக்குள் மாட்டை விட்டுவிட்டு எறும்புக்கு மருந்து போடுகிற வேலைதான் அது.

சின்னவளுக்குப் பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. பவர் பார்க்க வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பாள். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மனக்காயம் ஆற்றும் ஆலோசகருக்கான பயிற்சி வகுப்பு. பகலில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற மாடி அறை அது. கம்ப்யூட்டர்களை எல்லாம் துணி போட்டு மூடிவிட்டு, நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். எந்தக் குறிப்பு எழுதினாலும் அவள் அடியில் கோடு போடுவதைப் பார்த்து, வகுப்பில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் லேப்காரர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவர். வாயும் ஊசி மாதிரிதான்.

வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பழகுவார்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் ஓரமாக இருந்து இருவரையும் கவனிப்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். சின்னவளோடு சேர்ந்தவர்கள் லேப்காரரும், ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சரும்.

“இங்க நடிப்பு வேண்டாம், கற்பனையும் வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார் மேடம். பயிற்சி நடத்துகிறவர் அவர்தான். “உங்க சொந்த வலியையே கொண்டு வாங்க. ஆனா சின்னதா கொண்டு வாங்க. பத்துக்கு மூணு. நீச்சல் பழகறப்ப தண்ணி இடுப்புக்கு மேல போகக் கூடாது.”

சின்னவளின் கஷ்டம் என்னவென்றால், அவள் தண்ணீர் கணுக்காலுக்கு மேலேயே வரவில்லை. போன வெள்ளிக்கிழமை அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கதையைச் சொன்னாள். முட்டியில் ரத்தம், சுற்றி நின்றவர்கள் சிரித்தது, அவ்வளவுதான். கவனிக்கிற நாற்காலியில் இருந்த லேப்காரர் தாடை ‘டக்’கென்று சத்தம் போடும்படி ஒரு கொட்டாவி விட்டார்.

“மன்னிச்சுக்கங்க ஸ்கேல். விடியக்காலையிலேருந்து ஊசி குத்தறேன்” என்றார். பிறகு கருத்துச் சொல்லும் நேரம் வந்தபோது, “டீச்சர் ரொம்ப நல்லா கேட்டாங்க. ஆனா கேக்கறதுக்குத்தான் அங்க ஒண்ணும் இல்ல” என்றார். வட்டம் முழுக்கச் சிரித்தது. சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். “ஒரு வலியும் இல்லன்னா நிம்மதியா வீட்ல இருக்க வேண்டியதுதானே, இங்க எதுக்கு வந்து மாட்டிக்கிட்டீங்க?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். சின்னவளுக்கு அது கேள்வியாகவே போய்த் தைத்தது. அந்த வட்டத்தில் எல்லோரும் எதையோ தாண்டி வந்தவர்கள். ஒருவருக்குக் கணவர் இல்லை, ஒருவருக்கு அப்பா குடி. எந்த அடியும் படாத தான் நாளைக்கு ஒருவர் முன்னால் உட்கார்ந்து ‘எனக்குப் புரிகிறது’ என்று எந்த முகத்தோடு சொல்வது? வீட்டில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைத் துழாவிப் பார்த்தாள். தேர்வில் தோற்றது, சிநேகிதி ஒருத்தி பேச்சை நிறுத்தியது. எதுவும் பத்துக்கு ஒன்றைத் தாண்டவில்லை.

அப்புறம் இந்தச் செவ்வாய், மார்ச் 11 அன்று, பேசுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் வாயைத் திறந்தாள். வந்தது அக்காவின் கதை.

“நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி உடம்பு முடியாமப் போச்சு. என்னை ஒரு வருஷம் சித்தி வீட்ல விட்டாங்க” என்று ஆரம்பித்துவிட்டாள். ‘என்னை’ என்று தன் வாய் சொல்வதைத் தன் காதே கேட்டது. நிறுத்தியிருக்கலாம். டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். லேப்காரர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சின்னவளுக்கு நிறுத்தத் தோன்றவில்லை.

உண்மையில் போனவள் பெரியவள். சின்னவள் பால் குடிக்கிற வயது என்பதால் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். சித்தி வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால், ‘யார் பிள்ளை, ஏன் இங்கே இருக்கிறது’ என்று விளக்கம் சொல்லச் சலித்துக்கொண்டு, சித்தி அக்காவைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். கதவுக்கு அடியில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரியும். அதில் கால்களின் நிழல் போவதும் வருவதும் தெரியும். தன் அறைக்கு நேரே ஒரு நிழல் நின்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வாளாம் அக்கா. திறந்துவிடுவார்களோ என்று ஆசை ஒரு பக்கம், திறந்தால் திட்டு விழுமோ என்று பயம் ஒரு பக்கம்.

அக்கா இதைச் சின்னவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அக்கா பார்லர் வைத்திருக்கிறாள். ஒரு மத்தியானம் தங்கைக்கு முடி வெட்டிக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அந்தச் சித்தி ஒருவர்தான். வாரம் தவறாமல் போனில் பேசிச் சிரிக்கிறவர்கள். “தெரிஞ்சா அம்மா ரெண்டு பக்கமும் இல்லாம ஆயிடுவாங்க. உன்னோட வெச்சுக்க” என்றாள் அக்கா. சின்னவளும் தன்னோடுதான் வைத்திருந்தாள், அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அவள் பேசி முடித்ததும், எப்போது வந்தாரோ, நாற்காலிக்குப் பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார். “இது மூணு இல்லம்மா” என்றார் மெதுவாக. “நான் நிறுத்தியிருக்கணும். ஆனா நீங்க உடையாம சொல்லி முடிச்சீங்க. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி நாம ரெண்டு பேரும் சேர்ந்து இதைப் பார்க்கலாமா? மத்தவங்க கத்துக்க உதவும்.”

சின்னவள் தலையாட்டினாள். அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் ஓடியது வெட்கம் இல்லை. பெருமை. அதை நினைத்து நினைத்துத்தான் பிறகு அவளுக்கு உடம்பு கூசியது.

வெள்ளிக்கிழமை வட்டத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகள். மேடம் அவசரப்படாமல் கேட்டார். “பாதம் ரெண்டும் தரையில இருக்கா? சரி. இப்ப அந்த அறையில கதவு எந்தப் பக்கம் இருக்கு?”

சின்னவளுக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னதில் அது இல்லை. “இடது பக்கம்” என்றாள்.

“என்ன வாசனை?”

அதுவும் தெரியாது. “மண்ணெண்ணெய்” என்றாள்.

ஒன்றுக்குப் பின் ஒன்றாக அவள் கட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றையும் கட்டக் கட்ட, இதற்கு முன் சொன்னது என்ன என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முட்டி இரண்டும் தாமாக ஆட ஆரம்பித்தன. பிடித்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

மேடம் வட்டத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கவனிங்க. நிறுத்தாதீங்க, ஆடட்டும். வாய் மறைக்கறதை உடம்பு காட்டிக்கொடுத்துடும். உடம்பு பொய் சொல்லாது.”

பொய் சொல்லவில்லைதான். அகப்பட்டுக்கொள்வோமோ என்று பயந்த உடம்பு வேறெப்படி ஆடும்? எல்லோரும் அதைப் பக்தியோடு பார்த்தார்கள். லேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பக்கத்தில் வந்து, “அன்னிக்குக் கொட்டாவி விட்டேன்ல, அதுக்கு என்னை நாலு சாத்து சாத்தியிருக்கணும் நீங்க” என்றார். அவரை அப்படிப் பணிவாக அவள் பார்த்ததே இல்லை. அதுவும் சகிக்கவில்லை.

அத்தோடு போயிருந்தால் கூட, பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பை முடித்துவிட்டுப் போயிருப்பாள். டீச்சர்தான் விடவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். வழக்கமாக வழி நெடுக ஜோக் அடிக்கிறவர், அன்று வாயே திறக்கவில்லை. நிறுத்தத்தில் ஆள் இல்லாத பெஞ்சில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது” என்றார். “நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பையன், அடங்கவே மாட்டான். ஒருநாள் கோபத்துல விளையாட்டுச் சாமான் வைக்கற அறையில அவனை விட்டுப் பூட்டிட்டேன். பத்து நிமிஷம்னு நினைச்சேன். அப்புறம் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க, அந்த வேலை, இந்த வேலை. மறந்துட்டேன். சாயங்காலம் வாட்ச்மேன் திறந்து விட்டிருக்கான். மறுநாள்லேருந்து அந்தப் பையன் அடங்கிட்டான். எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க, கிளாஸை நல்லா கட்டுப்படுத்தறேன்னு. அவன் அடங்கல. பேச்சை நிறுத்திட்டான், அவ்வளவுதான்.”

சின்னவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அல்லது அப்படித் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கு நீ அந்தக் கதவுக்கு அடியில வெளிச்சம்னு சொன்னதும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான். அவன் இப்ப எங்க இருக்கான்னு தெரியும். கல்யாணம் ஆகி, குழந்தையெல்லாம் இருக்கு. விலாசம் வாங்கி வெச்சிருக்கேன், போக தைரியம் இல்ல.” டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “புஸ்தகத்துல இருக்கறது எனக்கு வேண்டாம். நீ உள்ள இருந்தவ. நீ சொல்லு. பூட்டினவங்க இத்தனை வருஷம் கழிச்சு வந்து மன்னிப்புக் கேட்டா, உள்ள இருந்த பிள்ளைக்கு அது வேணுமா, வேண்டாமா?”

தப்பிக்க வழி இருந்தது. ஆலோசகர் பதில் சொல்லக் கூடாது, கேட்கிறவரையே யோசிக்க விட வேண்டும் என்பது வகுப்பின் பாலபாடம். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தன்னைவிட இருபது வயது மூத்தவர் தன் கையைப் பிடித்துக்கொண்டு தன் வாயையே பார்க்கிறார். “போங்க டீச்சர்” என்றாள் சின்னவள். “யாராவது வந்து கேட்டிருந்தா எனக்கு மனசு லேசாகியிருக்கும்.”

டீச்சர் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “அப்ப இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை போயிடறேன்” என்றார்.

சனிக்கிழமை கடையில் ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்தாள். இதுவா அதுவா என்று கேட்டால், “ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு, நீயே ஒண்ணைப் போட்டுடு” என்றார். “உங்க கண்ணுக்கு நான் எப்படிங்க சொல்றது?” என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பெரியவர், “என்னம்மா, பவர் கட்டா?” என்று கேட்ட பிறகுதான் கை நகர்ந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் பார்லருக்குப் போனாள். ஏசி ஓடினாலும் அக்கா கதவைச் சாத்தமாட்டாள். ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருப்பாள். ‘தெருவுக்கெல்லாம் ஏசி போடறியே’ என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அப்போது யாரும் இல்லை. அக்கா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி இந்த நேரத்துல? கடையில துரத்திட்டாங்களா?”

“சும்மாதான்.” சின்னவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்ததை எடுத்துவிட்டாள். “அக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இப்ப சித்தி வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டா என்ன பண்ணுவ?”

துடைப்பம் நின்றது. “ஏன் கேக்கற?”

“ஒரு பேச்சுக்கு.”

“உனக்குப் பேச்சுக்குன்னு பேசத் தெரியாதே. எல்லாத்துக்கும் கோடு போட்டுட்டுத்தான பேசுவ.” அக்கா மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். “வந்தாங்கன்னா கையில இருக்கற கத்தரிக்கோலைக் கீழ வெச்சிட்டு, பின்வாசல் வழியா போய்க்கிட்டே இருப்பேன். அவங்க மனசு லேசாகறதுக்கு நான் எதுக்கு? நான் பாட்டுக்கு ஒரு மாதிரி சமாளிச்சு நின்னுக்கிட்டு இருக்கேன். வந்து மறுபடி அந்த அறையைத் திறந்து காட்டுவாங்களா? வேண்டவே வேண்டாம்.”

பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரிடம் சின்னவள் சொன்னதற்கு நேர் எதிர்.

“இப்ப சொல்லு” என்றாள் அக்கா. “யாருக்கு இந்தப் பதில் வேணும்?”

சொன்னாள். ஸ்கூட்டரில் தொடங்கி, கொட்டாவி, நாற்காலி, மண்ணெண்ணெய், டீச்சர், பெஞ்ச் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். அக்கா வாரிய முடியை முறத்தில் அள்ளி, கூடையில் கொட்டி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் பேசினாள்.

“சின்ன வயசுல என்னோட பழைய சட்டையெல்லாம் உனக்குத்தான் வரும். எனக்குப் பத்தாததை நீ போட்டுக்குவ. அதே பழக்கத்துல இதையும் எடுத்துப் போட்டுக்கிட்டியா?”

“அக்கா…”

“எனக்கு அது பத்தாமப் போகலடி. நான் இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சின்னவள் அழுதாள். அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்ததால் சத்தம் வராமல் அழுதாள். அக்கா சமாதானம் செய்யவில்லை.

“மண்ணெண்ணெய் வாசனையாம். அங்க பழைய செய்தித்தாள் வாசனைதான் வரும். தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே. உன்னை வீட்ல வெச்சுக்கிட்டாங்க. அது உன் தப்பு இல்ல. நானே அப்படி நினைச்சதில்ல. ஆனா எனக்குன்னு தனியா இருந்தது அது ஒண்ணுதான். அதுலயும் நீ போய் உக்காந்துக்கிட்ட.”

“நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் அக்கா. அது உனக்கு நடந்தது, நான் என்னோடதுன்னு சொல்லிட்டேன்னு…”

“என் பேரை இழுக்காத.” அக்காவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “அந்த லேப்காரர் வீட்டம்மா மாசாமாசம் இங்கதான் வர்றாங்க. இதே நாற்காலி. நான் முடி வெட்டறப்ப அவங்க கண்ணாடியில என்னைப் பாவமா பார்க்கணுமா? அப்படியே சுத்திச் சுத்தி அம்மா காதுக்குப் போகணுமா? நீ சொல்லு, ஆனா பொய்னு சொல்லு. எல்லாமே நீ ஜோடிச்சதுன்னு சொல்லு. யாருக்கும் நடக்கல. அக்கா, தங்கச்சின்னு ஒரு வார்த்தை வரக் கூடாது.”

“அப்படிச் சொன்னா என்னை…”

“என்னன்னு நினைப்பாங்களோ நினைக்கட்டும். டீச்சர்கிட்டயும் அப்படித்தான்.”

திறந்திருந்த கதவு வழியாக ஒரு பெண் எட்டிப் பார்த்து, “இப்ப வரலாமா, சாப்பாட்டு நேரமா?” என்று கேட்டார். “வாங்க வாங்க, இவ கிளம்பறா” என்றாள் அக்கா. ஒரு நொடியில் அவள் குரலில் வழக்கமான இனிப்பு வந்துவிட்டது. நாற்காலியைத் தட்டித் துடைத்துக்கொண்டே, தங்கைக்கு மட்டும் கேட்கும்படி, “இனிமே உன்கிட்ட ஒண்ணு சொல்றதுக்கு முன்னாடி, வகுப்புக்கு வேணுமா உனக்குன்னு கேட்டுக்கணும் போல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அக்கா அவளோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னடி சண்டை, சீப்புக்கா?” என்றார். “ஆமாம்மா, என் சீப்பை எடுத்துட்டா” என்றாள் அக்கா. சின்னவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு டீச்சரின் பள்ளிக்குப் போனாள். சாப்பாட்டு இடைவேளை. தாழ்வாரம் முழுக்க டிபன் டப்பா மூடிகள் உருளுகிற சத்தம். டீச்சர் வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

“அடடே, ஸ்கேலா? வா, உக்காரு. பெஞ்ச் சின்னது, முட்டியை மடக்கிக்க” என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடினார். “என்னம்மா?”

சின்னவள் உட்காரவில்லை. உட்கார்ந்து சொன்னால் இளகிவிடுவோம் என்று பயந்தாள். “டீச்சர், நான் வகுப்புல சொன்னது என்னோடது இல்ல. பொய் சொன்னேன். பெஞ்ச்ல உங்களுக்குச் சொன்ன பதிலும் அப்படித்தான். அதை நம்பிப் போயிடாதீங்க.”

டீச்சர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். “என்ன சொல்ற? பூட்டலையா உன்னை?”

“இல்ல.”

“அந்த வெளிச்சம்? கதவுக்கு அடியில காலோட நிழல் தெரியும்னு சொன்னியே. அதை யாரும் கற்பனை பண்ண முடியாதும்மா.”

இந்த இடத்தில்தான் சின்னவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. நிஜமாக நடந்தது டீச்சர், என் அக்காவுக்கு நடந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அவள் பாதிப் பொய்க்காரிதான். டீச்சர் கண்ணில் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும். நாக்கைப் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள்.

“நானே ஜோடிச்சதுதான் டீச்சர்.”

டீச்சர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திருப்பித் திருப்பி அழுத்தினார். “மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பையனும் அப்படித்தான் தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான்னு நினைச்சு நினைச்சு… அப்ப நான் யாருக்காக அழுதேன்? என் வீட்டுக்காரருக்குத் தெரியாததை யார்கிட்ட சொன்னேன்?”

“மன்னிச்சிடுங்க.”

“எதுக்கு இப்படிப் பண்ணின?”

“எனக்குச் சொல்றதுக்கு எதுவும் இல்ல. சின்னதா தெரிஞ்சிடுவோம்னு பயமா இருந்துச்சு.”

“இதுக்கு ஒரு பொய்யா?” டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வகுப்பில் குறும்பு செய்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை அல்ல அது. தெருவில் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. “அந்தப் பையனைப் பார்க்கப் போறதா வேண்டாமான்னு நான் மறுபடி முதல்லேருந்து யோசிக்கணும். உன்கிட்ட இனிமே கேக்க மாட்டேன். நீயும் வந்து ஒண்ணும் சொல்லாத.”

“சரி டீச்சர்.”

“நான் உன்கிட்ட சொன்னது?”

“யார்கிட்டயும் போகாது.”

“அதையும் நான் நம்பணும் இப்ப” என்றார் டீச்சர். மணி அடித்தது. பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒரு சிறுமி சின்னவளை நிமிர்ந்து பார்த்து, “யாரு டீச்சர் இவங்க?” என்று கேட்டாள். “ஒருத்தங்க” என்றார் டீச்சர். “உன் இடத்துல போய் உக்காரு.” பிறகு கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டார். “நாளைக்கு வகுப்புல சொல்லப் போறியா?”

“சொல்றேன்.”

“நீ சொன்னப்புறம்தான் நான் மூணு பேர் வட்டத்துல உக்காருவேன். அதுவும் உக்காருவேனான்னு தெரியல.”

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “சொல்லிட்டியா?” என்றாள்.

“சொல்லிட்டேன். நீ சொன்ன மாதிரியே.”

“நம்பினாங்களா?”

“நம்பிட்டாங்க.”

அக்கா ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அவள் முகத்தில் நிம்மதியா வருத்தமா என்று சின்னவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு நாள் படித்த படிப்பு அந்த நேரத்தில் ஒரு பைசாவுக்குப் பயன்படவில்லை. வாளியில் மிச்சமிருந்த துணியை எடுத்துப் பிழிந்து கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்.
இன்று டீச்சரைப் பார்த்து, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். போன செவ்வாய் எழுதிய குறிப்பு முழுமையானது அல்ல. மேடம் இதைப் படிக்கும்போது அதையும் சேர்த்துத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.
நாளை: கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, மற்றவர்கள் வருவதற்கு முன் மேடத்தைத் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பை விட்டுப் போகச் சொன்னால் போக வேண்டும், ஆனால் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான். வட்டம் கூடியதும் எழுந்து நின்று, அந்த அறையில் நான் இருந்ததில்லை, எல்லாம் நான் ஜோடித்தது என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் டீச்சரிடம் சொன்ன காரணத்தையே சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது.